குனிந்தால் டிஸ்க் விலகிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 42. இரண்டு வருடங்களுக்கு முன் தரையில் இருந்த ஒரு பெட்டியைத் தூக்கியபோது இடுப்பில் சுளீரென்று பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் எழுந்திருக்கவே முடியவில்லை. ஸ்கேன் எடுத்ததில் எல்4-எல்5 டிஸ்க் (இடுப்பின் 4, 5ஆம் எலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை போன்ற பகுதி) பிதுங்கியிருக்கிறது, தேய்மானமும் இருக்கிறது என்று வந்தது. ‘இனி குனியாதீர்கள், வெயிட் தூக்காதீர்கள்’ என்றார்கள். அன்றிலிருந்து குனிவதே இல்லை. பெல்ட் போடாமல் வெளியே போவதில்லை. மூன்று வயது மகனைக்கூடத் தூக்குவதில்லை. எல்லாவற்றையும் கணவர்தான் பார்த்துக்கொள்கிறார். காலுக்கு வலி இறங்கவில்லை, மரத்துப்போவதும் இல்லை. ஆனால் இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் இடுப்பு வலி கூடிக்கொண்டேதான் போகிறது. ஒருநாள் தெரியாமல் குனிந்து, டிஸ்க் விலகி, நடக்க முடியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், குனிவதால் நடக்க முடியாமல் போய்விடும் என்று பயப்படக் காரணம் எதுவும் இல்லை அம்மா. இரண்டு வருடமாக இந்தப் பயத்தோடு ஒவ்வொரு அடியையும் எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுதாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீர், மலம் கழிப்பதில் புதிதாகச் சிக்கல், பிறப்புறுப்பைச் சுற்றியும் உட்காரும் இடத்திலும் உணர்ச்சி இல்லாமல் போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் உடல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது, கீழே விழுந்தது, நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தது ஆகியவற்றையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் மேற்கொண்டு படியுங்கள்.

உங்களை அதிகம் பயமுறுத்தியது அந்த ஸ்கேன் ரிப்போர்ட்தான் என்று நினைக்கிறேன். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை வைத்து நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளியானது. அதன்படி, எந்த வலியும் இல்லாத 40 வயதுக்காரர்களில் பாதிப்பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருக்கிறது. 68 சதவீதம் பேருக்குத் தேய்மானம் இருக்கிறது. 80 வயதில் தேய்மானம் 96 சதவீதம் பேருக்கு. அதாவது உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள அதே வரிகள், வலியில்லாமல் ஓடியாடித் திரியும் உங்கள் வயதுக்காரர்கள் பலருடைய ரிப்போர்ட்டிலும் இருக்கும். இதை ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்த அன்றே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

டிஸ்க் என்பது எலும்புகளுக்கு நடுவே சும்மா செருகி வைத்த பொருள் அல்ல. மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு கெட்டியான நார்களால் ஒட்டியிருக்கிறது. குனிந்ததும் நழுவி வெளியே வந்துவிட அதனால் முடியாது. உள்ளிருக்கும் ஜவ்வு உண்மையாகவே வெளியே தள்ளி நரம்பை அழுத்துகிறவர்களுக்கும்கூட, பெரும்பாலும் அது நாளடைவில் தானாகவே சுருங்கிவிடுகிறது.

அப்படியானால் ஏன் வலிக்கிறது? உங்கள் வலி நிஜம். ‘எல்லாம் மனசுதான்’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் மூன்று மாதத்தைத் தாண்டி நீடிக்கும் முதுகு வலியில், வலியின் அளவும் உள்ளே இருக்கும் காயத்தின் அளவும் ஒன்றாக இருப்பதில்லை. அன்று பெட்டியைத் தூக்கும்போது பிடித்தது எப்போதோ ஆறியிருக்கும். மூளை மட்டும் குனிவதை இன்னமும் ஆபத்தாகவே கணக்கில் வைத்திருக்கிறது. ஆபத்து என்று நினைத்ததுமே இடுப்புத் தசைகளை இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறது. நாள் முழுக்க இறுகிக் கிடக்கும் தசை வலிக்காமல் என்ன செய்யும்? வலித்ததும் ‘பார்த்தாயா, அசைந்ததால்தான்’ என்று பயம் கூடுகிறது. அதனால் அசைவு இன்னும் குறைகிறது, உடம்பில் பலமும் குறைகிறது. அசைவுக்கு அஞ்சும் இந்த நிலைக்கு மருத்துவத்தில் கைனீசியோஃபோபியா என்று பெயர். இதை அளக்க 17 வாக்கியங்கள் கொண்ட ‘டாம்பா அளவுகோல்’ என்ற கேள்வித்தாளே இருக்கிறது. அந்த அளவுக்கு இது பலருக்கும் இருக்கிறது, உங்கள் பலவீனம் என்று எண்ண வேண்டாம்.

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பாருங்கள். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, கையை முழங்காலைத் தாண்டிப் பாதத்தை நோக்கிக் கொண்டுபோங்கள். பெரும்பாலும் போகும். இந்த நிலையில் உங்கள் இடுப்பு எவ்வளவு வளைந்திருக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவுதான் நின்றபடி குனியும்போதும் வளைகிறது. என்னிடம் வருகிறவர்களில் பலர் பரிசோதனைக் கட்டிலில் இப்படிச் சாதாரணமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். எழுந்து நிற்கச் சொல்லி, கீழே ஒரு பேனாவை வைத்து எடுக்கச் சொன்னால் முகமே மாறிவிடும். ஒரு கை மேஜையைப் பிடிக்கும், மூச்சு நின்றுவிடும், முதுகைப் பலகை மாதிரி வைத்துக்கொண்டு முழங்காலை மட்டும் மடக்கி இறங்குவார்கள். வலியில்லாதவர்கள் முழுதாகக் குனியும்போது முதுகுத் தசை தானாகத் தளர்ந்துவிடும். இவர்களுக்குத் தளர்வதே இல்லை. முதுகைத் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும்.

எனவே உங்களுக்குத் தேவை இன்னும் கூடுதலான ஜாக்கிரதை அல்ல. பயந்து விட்டுவிட்ட அசைவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்து பழக வேண்டும். நீங்கள் தவிர்க்கும் வேலைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பயம் என்று 10க்கு மதிப்பெண் போடுங்கள். 3, 4 வாங்கியதில் ஆரம்பியுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி கணுக்காலைத் தொடுவதாக இருக்கலாம். செய்வதற்கு முன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்களோ அதை அப்படியே எழுதி வையுங்கள்: ‘பிடித்துக்கொள்ளும், எழுந்திருக்க முடியாது.’ பிறகு மூச்சை வெளியே விட்டபடி, தலையைத் தளரத் தொங்கவிட்டு மெதுவாகக் குனியுங்கள். ஐந்தாறு முறை போதும். முடித்ததும் எழுதியதைப் படித்துப் பாருங்கள், நடந்ததா? இந்த ஒப்பீட்டைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வெறும் உடற்பயிற்சிக்கும் இந்தச் சிகிச்சைக்கும் வித்தியாசமே அதுதான். பயந்தது நடக்கவில்லை என்பதை மூளை பலமுறை நேரில் பார்த்தால்தான் கணக்கை மாற்றிக்கொள்ளும்.

ஒரு வேலை பழகியதும் அடுத்ததற்குப் போகலாம். நின்று குனிவது, காலிப் பையைத் தூக்குவது, சிறிது கனம் சேர்ப்பது என்று போகட்டும். மகனைத் தூக்குவதும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். முதலில் நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் ஏற்றிக்கொள்ளுங்கள், பிறகு சோபாவில் நிற்கிறவனைத் தூக்குங்கள், தரையிலிருந்து தூக்குவது கடைசியில். இதோடு தினமும் நடங்கள்.

பெல்ட்டைப் பற்றி: நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், இடுப்புப் பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. நோயைப் பற்றி விளக்குவது, உடற்பயிற்சி, மனப்பயிற்சிச் சிகிச்சை ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. ஒரேயடியாகக் கழற்ற வேண்டாம், பக்கத்தில் போய்வரும்போது மட்டும் கழற்றிப் பழகுங்கள்.

இந்தப் பதிலை உங்கள் கணவரும் படிக்க வேண்டும். அவர் அன்பினால்தான் எல்லாவற்றையும் செய்கிறார். ஆனால் நீங்கள் குனியும்போதெல்லாம் அவர் ‘இரு, நான் எடுக்கிறேன்’ என்று ஓடிவந்தால், குனிவது ஆபத்து என்பது மறுபடியும் உறுதியாகிவிடும். பக்கத்தில் நிற்கட்டும். கேட்டால் மட்டும் உதவட்டும்.

ஆரம்ப வாரங்களில் வலி சற்றுக் கூடலாம். தாங்கக்கூடிய அளவில் இருந்து, மறுநாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அது பழக்கமில்லாத தசையின் வலிதான், தொடருங்கள். ஒருநாள் நன்றாகவே பிடித்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளைக்கு அளவைப் பாதியாக்குங்கள், ஆனால் படுக்கைக்குப் போய்விடாதீர்கள். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் செல்லுங்கள். போனதும் ‘எனக்குக் குனிய பயம், பயமில்லாமல் குனியப் பழக்கிவிடுங்கள்’ என்றே கேளுங்கள். மெஷினில் படுக்கவைத்துக் கரண்ட் வைப்பதோடு அனுப்பிவிட்டால் வேறொருவரைப் பாருங்கள்.