எழுதி வைக்காத வரிசை – கடிதம்

அன்புள்ள அண்ணா,

சொந்த ஊர் பெருந்துறை. சரவணம்பட்டியில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கல்லூரி இறுதியாண்டில் சி மொழியில் ஒரு சின்ன நெட்வொர்க் லைப்ரரி (மற்றவர்கள் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஓப்பன் சோர்ஸாகப் போட்டேன். என்ன வந்தது என்று கவனித்துக்கொண்டே திரும்பத் திரும்பச் சுற்றும் ஈவன்ட் லூப், குறித்த நேரத்தில் எழுப்பும் டைமர், தரவு அனுப்பிப் பெற டிசிபி இணைப்பு, அவ்வளவுதான். நான் நினைத்தே பார்க்காத ஆட்களெல்லாம் இப்போது அதைப் பயன்படுத்துகிறார்கள். வேலை முடிந்து வந்து இரவில்தான் அதைக் கவனிக்க முடிகிறது.

சமீபத்தில் லூப்புக்குள் ஒரு திருத்தம் செய்தேன். முன்பு சாக்கெட்டில், அதாவது இணைப்பின் வாயிலில், வந்ததை முதலில் கவனித்துவிட்டு அப்புறம் டைமர்களை ஓட்டும். இணைப்புகள் அதிகமானால் டைமர்கள் தாமதமாயின. அதனால் டைமர்களை முன்னால் கொண்டுவந்தேன். உடனே திருப்பூர்க்காரர் ஒருவர் கோபமாக மெயில் போட்டார். சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டி மட்டத்தைக் கண்காணிக்கும் அவருடைய கருவி பொய் அலாரம் அடித்து பம்பை நிறுத்திவிட்டதாம். எது முதலில் ஓடும் என்று நான் எந்த ஆவணத்திலும் உறுதி சொன்னதில்லை. தப்பு அவருடையதுதானே? பதில் போடாமல் விட்டுவிட்டேன்.

என் கேள்விகள்: லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்க இப்போது பயன்படுத்தும் இபோலை விட்டு, அதைவிடப் புதிய ஐஓ யூரிங்குக்கு மாறலாமா? ரஸ்ட்டில் திரும்ப எழுதலாமா? முகம் தெரியாத ஒருவர் லைப்ரரியின் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறார், கொடுத்துவிடலாமா? ரொம்பச் சலிப்பாக இருக்கிறது அண்ணா.

ச.

அன்புள்ள ச.,

வந்து கிடக்கும் கடிதங்களில் உங்களுடையதை முதலில் எடுத்ததற்குக் காரணம் அந்தத் திருப்பூர்க்காரர்தான். உங்களுடையதைப் போலவே ஈவன்ட் லூப் தரும் லிப்யூவி என்ற லைப்ரரியில் நடந்த ஒரு மாற்றத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கதையும் கிட்டத்தட்ட அதே கதை.

ரஸ்ட் நல்ல மொழி. ஆனால் நீங்கள் திரும்ப எழுத வேண்டாம். சி கம்பைலர் (நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கருவி) மட்டும் கிடைக்கிற ஒரு சின்னச் சர்க்யூட் பலகையில் ஏற்ற முடிந்ததால்தான் அந்த மனிதர் உங்கள் லைப்ரரியை எடுத்திருப்பார். இதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

"எந்த ஆவணத்திலும் உறுதி சொன்னதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அவருடைய நிரலில் என்ன நடந்திருக்கும் என்று ஒரு தரமாவது உட்கார்ந்து யோசித்தீர்களா? தொட்டியில் இருக்கும் சென்சாரிடம் அவர் மட்டம் கேட்கிறார். பதில் வராவிட்டால் எச்சரிக்க ஒரு டைமர் வைக்கிறார். பதில் வந்ததும் லூப் கூப்பிடும் அவருடைய நிரல் துண்டிலேயே, அதாவது கால்பேக்கிலேயே, டைமரை அழித்துவிடுகிறார். உலகத்தில் பாதிப் பேர் இப்படித்தான் எழுதுவார்கள். இப்போது அவருடைய நிரல் லாக் (நடந்தவற்றின் பதிவு) எழுதப் போய் டிஸ்க்கில் கொஞ்ச நேரம் மாட்டிக்கொள்கிறது என்று வையுங்கள். லூப் திரும்பி வரும்போது சென்சாரின் பதில் கெர்னல் பஃபரில் (இயங்குதளத்தின் மையப் பகுதி வந்ததைச் சேர்த்துவைக்கும் இடத்தில்) வந்து காத்திருக்கிறது, டைமரின் கெடுவும் முடிந்திருக்கிறது. உங்கள் பழைய வரிசையில் பதில் முதலில் படிக்கப்படும், டைமர் அழியும், எந்த வம்பும் இல்லை. புதிய வரிசையில் டைமர் முதலில் எழுகிறது. சென்சார் பேசவில்லை என்று இணைப்பை மூடுகிறது, அலாரம் அடிக்கிறது, பம்ப் நிற்கிறது. அவர் கேட்ட பதில் படிக்கப்படாமலே போகிறது.

இன்னொன்று இருக்கிறது, அதை நீங்கள் கவனித்த மாதிரித் தெரியவில்லை. எந்த இணைப்பில் என்ன வந்தது என்று லினக்ஸிடம் கேட்கும் இபோல் வெய்ட், ஒரே அழைப்பில் பல ஈவன்ட்களை ஒரு பட்டியலாக உங்கள் கையில் தருகிறது. அதை வாங்கிவிட்டு, கையாளும் முன்பாக டைமர்களை ஓட்டுகிறீர்கள். டைமர் கால்பேக் ஓர் இணைப்பை மூடி அதன் நினைவகத்தை விடுவித்துவிட்டால், அதே இணைப்பின் சுட்டி, அதாவது அதன் நினைவக முகவரி, அந்தப் பட்டியலில் இன்னும் உட்கார்ந்திருக்கும். அடுத்த நொடி அதைத் தொடுவீர்கள், நிரலே செத்து விழலாம். அவர் அலாரத்தோடு தப்பித்தார் என்றே நினைக்கிறேன். இந்த மாதிரி நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரைப் போட்டுச் சோதனைகளை ஓட்டுங்கள். சுற்று முடிகிற வரை விடுவிப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

டைமர்கள் தாமதமாகின்றன என்ற உங்கள் காரணம் நியாயமானது, அதை மறுக்கவில்லை. இந்த வரிசைப் பிரச்சினை பெரியவர்களுக்கும் வந்ததுதான். லிப்யூவி முன்பு டைமர்களை, சாக்கெட்டில் வந்ததைக் கவனிக்கும் 'போல்' என்ற கட்டத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தது. 1.45 வெர்ஷனில் பின்னால் மட்டும் என்று மாற்றினார்கள். லிப்யூவியின் மேல் நின்று ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் என்ற தளத்தின், 2023-இல் வந்த 20-ஆம் வெர்ஷனில் அது சேர்ந்தது. செட் இம்மீடியட் என்ற அழைப்பில் வைத்த கால்பேக்குகள் ஓடும் நேரத்தை இது பாதிக்கலாம் என்று நோட் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே லூப் எப்படிச் சுற்றுகிறது என்பது வெளியே இருப்பவரின் நிரலில் போய்த் தொடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

லிப்ஈவன்ட் என்ற இன்னொரு ஈவன்ட் லூப் லைப்ரரியையும் பாருங்கள். நீல்ஸ் புரோவோஸ் தொடங்கியது. மெம்கேஷ்ட், டார், டிமக்ஸ் போன்ற பிரபலமான நிரல்கள் அதன் மேல் நிற்கின்றன. 1.x வெர்ஷன்களின் காலத்தில் ஈவன்ட் என்ற ஸ்ட்ரக்ட் (பல புலங்களைச் சேர்த்த தரவுக் கட்டமைப்பு) ஹெடரில், அதாவது பயனர்கள் தங்கள் நிரலில் சேர்க்கும் கோப்பில், திறந்தே கிடந்தது. ஆட்கள் அதைத் தங்கள் ஸ்ட்ரக்டுக்குள் அப்படியே வைத்துக்கொண்டார்கள். உள்ளே ஒரு புலம் சேர்த்தாலும் அளவு மாறும், ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்த நிரல்கள் எல்லாம் உடையும். 2010-இல் 2.0 நிலையான வெளியீடாக வந்தபோது என்ன செய்தார்கள்? புதிய முறைக்கு ஈவன்ட்2 என்று தனி அடைவில் ஹெடர்கள் வைத்தார்கள், ஸ்ட்ரக்டின் புலங்களை மறைத்துவிட்டு, ஈவன்ட்டை உருவாக்க ஈவன்ட்_நியூ கொடுத்தார்கள். பழைய ஈவன்ட்.எச் ஹெடரையும் விட்டுவைத்தார்கள், பழைய நிரல் எழுதியவர் பாட்டுக்குத் தன் சோலியைப் பார்க்கலாம். நிறையப் பேர் பயன்படுத்தினால் நீ சொல்லாத குணத்தையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார் என்பதற்கு ஹைரம் விதி என்று பெயரே வைத்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பெயர் தெரியும் முன்பே இந்த விஷயம் தெரியும்.

அவிநாசியில் என் தாய்மாமா மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் நான் அங்கேதான் கிடப்பேன். அன்னூர், சேவூர்ப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் எரிந்துபோன போர் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்குவார்கள். மாமா பழைய காயிலை வெட்டும் முன்பு சுற்று எண்ணுவார், கம்பியின் தடிமனை அளப்பார், இரும்பில் உள்ள எந்தக் காடியிலிருந்து (பள்ளத்திலிருந்து) எந்தக் காடிக்குப் போகிறது என்று பார்ப்பார், எல்லாவற்றையும் அந்த விவசாயியின் பெயர் போட்டு நோட்டில் எழுதுவார். தண்ணீருக்குள் ஓடும் மோட்டார் என்பதால் மேலுறை போட்ட கம்பி. அதைக் காடி காடியாகக் கையாலேயே கோத்து இழுப்பார்கள். கடைசியில் வெளியே வரும் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று முனைகளும் வந்தபோது எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில்தான் போக வேண்டும். இது நோட்டில் இருக்காது. மாமாவின் பழக்கம், அவ்வளவுதான்.

கடையில் இருந்த ஒரு பையன் ஒருமுறை கேட்லாக்கில் போட்டிருந்த மாதிரி முனைகளைக் கொடுத்துவிட்டான். அவன் செய்தது படத்தின்படி சரி. ஆனால் அந்த விவசாயியின் ஸ்டார்ட்டர் பெட்டியில் என்றைக்கோ யாரோ மாட்டிய ஒயர்கள் பழைய வரிசைக்கு மாட்டியவை. அவருக்கே அது தெரியாது. அவர் நிறத்தைப் பார்த்து மாட்டிவிட்டு மோட்டாரை இறக்கினார். அப்போது அங்கே த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரிதான் வரும். எழுந்து போய் ஸ்டார்ட்டரை அழுத்தினால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. பேஸ் மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் ஆழமான போரில் தண்ணீர் சரியாக மேலே ஏறாது. அவருக்கு அது தோன்றவில்லை. போர் வற்றிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். விடிந்ததும் போர் வண்டிக்காரரை விசாரிக்கக் கிளம்பியவர், வழியில் கடையில் நின்று சொல்லிவிட்டுப் போனார். மாமா மொபெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார், நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். பெட்டியைத் திறந்து இரண்டு ஒயரை மாற்றி மாட்டினார். வாய்க்காலில் தண்ணீர் விழுந்தது.

திரும்பி வந்து அந்தப் பையனிடம் சொன்னார்: "ஏன்டா, அந்த மனுசன் போர் வத்திப்போச்சுன்னு ராத்திரி பூராம் காட்டுல உக்காந்துட்டு இருந்துருக்காரு. நீ என்னடான்னா கேட்லாக்ல இப்பிடித்தான் போட்டுருக்குதுங்கற."

உங்கள் திருப்பூர்க்காரரும் முதலில் உங்களைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார் தம்பி. சென்சாரைக் கழற்றிப் பார்த்திருப்பார். கேபிளை மாற்றியிருப்பார். தன் நிரலை வரி வரியாகப் படித்திருப்பார். 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்ன நாட்களை அந்த ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. கழிவுநீர் வெளியே போகக் கூடாது என்பது அங்கே பலருடைய பொழப்பு. அப்படிப்பட்ட இடத்தில் பம்ப் நின்றால் அவருக்கு வரும் போன்கள் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கடைசியில்தான் லைப்ரரியின் வெர்ஷனைப் பார்த்திருப்பார். கோபமாக எழுதினார் என்று நீங்கள் பதில் போடாமல் விட்டது மகா தப்பு. உத்தரவாதம் எதுவும் இல்லை என்று லைசென்ஸில் இருக்கிறதுதான். அது வழக்கு வந்தால் காட்டுவதற்கு. மெயிலுக்குப் பதில் போடாமல் இருக்க அதைக் காட்டாதீர்கள்.

சலிப்பு என்று எழுதியிருந்தீர்கள். அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இரவில் கண் எரிய உட்கார்ந்து, சம்பளமில்லாமல், திட்டும் வாங்கிக்கொண்டு செய்வது கஷ்டம்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்ப்பேன் என்று முகப்பிலேயே எழுதி வையுங்கள். யாரும் கோவித்துக்கொள்ள மாட்டார்கள், கோவித்தால் கோவிக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் உட்காருங்கள்.

ஆனால் சலிப்பில் சாவியை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். 2024-இல், தரவைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரிக்கு என்ன நடந்தது? களைத்துப்போயிருந்த ஒற்றை மெயின்டெய்னர் (பராமரிப்பாளர்). வேலை மெதுவாகப் போகிறது என்று அவரைக் குத்திக்கொண்டே இருந்த மெயில்கள். நடுவில் ஜியா டான் என்ற பெயரில் பொறுமையாகப் பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பி நம்பிக்கையைச் சம்பாதித்த ஒருவர். கடைசியில் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் திருட்டுத்தனமாக நுழைய ஒரு பின்கதவு. வேறொரு கணினிக்குள் போக உதவும் எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்ததால் ஊர் தப்பித்தது. உங்களுக்கு எழுதியவர் நல்லவராகவே இருக்கலாம். அவரைச் சோதனைகள் எழுதச் சொல்லுங்கள், ஆவணம் எழுதச் சொல்லுங்கள், அவருடைய ஒவ்வொரு பேட்ச்சையும் நீங்கள் படித்த பிறகே சேருங்கள். வெளியிடும் உரிமை இப்போதைக்கு உங்களிடமே இருக்கட்டும்.

ஐஓ யூரிங் 2019-இல் லினக்ஸ் 5.1-இல் வந்தது. இபோல் 2002-இலிருந்தே இருக்கிறது. இபோல் "படிக்கலாம்" என்று மட்டும் சொல்லும், படிப்பது நீங்கள். ஐஓ யூரிங்கில் பஃபரையே கெர்னலிடம் ஒப்படைத்துவிட்டு வேலை முடியும் வரை அதைத் தொடாமல் காத்திருக்க வேண்டும். இது உங்கள் கால்பேக்குகளின் அமைப்பையே மாற்றும். அதாவது இருக்கிற எல்லாப் பயனரையும் மறுபடி உடைப்பீர்கள். அவர்களுடைய கருவிகளில் எந்தக் கெர்னல் ஓடுகிறது என்றாவது கேட்டீர்களா? இப்போது வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது பழைய வரிசையை இயல்பான வரிசையாகத் திரும்பக் கொண்டுவந்து ஒரு வெளியீடு. புதிய வரிசை வேண்டியவர்கள் லூப்பை உருவாக்கும்போது ஒரு கொடி (விருப்பத்தைச் சொல்லும் குறி) கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும். டைமர் தாமதத்துக்கு வேறு வழி உண்டு: ஒரே மூச்சில் எத்தனை கால்பேக் ஓடலாம், எவ்வளவு நேரம் ஓடலாம் என்று வரம்பு வையுங்கள். லிப்ஈவன்ட் 2.1-இல் இந்த மாதிரி ஒரு வசதி இருக்கிறது, அதன் மூல நிரலைப் படித்துவிட்டு எழுதுங்கள். தரவும் டைமரும் ஒரே சுற்றில் தயாராகும்படி ஒரு சோதனை எழுதிச் சேருங்கள், இனி யார் வரிசையை மாற்றினாலும் அது கத்த வேண்டும்.

அதற்கு முன்னால் அந்த மெயிலுக்குப் பதில். திருப்பூர் உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம்? வார இறுதியில் வீட்டுக்குப் போகும்போது நேரிலேயே போய்ப் பாருங்கள். அலாரம் அடித்த நேரத்து லாக்கைக் கேட்டு வாங்குங்கள். அந்த நொடியில் டிஸ்க்கில் எழுதும் வேலை ஏதாவது ஓடிக்கொண்டிருந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். நான் மேலே சொன்னது ஊகம்தான், அவருடைய லாக்தான் அதை உறுதி செய்யும்.