புது ரேஞ்ச் பெயிண்ட் வந்திருக்கு, ஃபுல் செட் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம்ணா. கோயம்புத்தூர்ல இருந்து எழுதறேன். ரெண்டு வருஷமா வார்ஹேமர்ங்கற போர் விளையாட்டுக்கு வர்ற குட்டிச் சிப்பாய் பொம்மைகளை, அதாவது மினியேச்சர்களை, பெயிண்ட் பண்ணிட்டு இருக்கேன். கையில சிட்டாடல் கம்பெனி பெயிண்ட் டப்பா ஒரு பதினஞ்சு, வல்லேஜோ பாட்டில் ஏழெட்டு இருக்கு. இப்ப ஆர்மி பெயின்டர் கம்பெனியோட வார்பெயின்ட்ஸ் ஃபனாட்டிக் மேல ஆசை வந்துடுச்சு. மொத்தம் 216 கலராம், ஃப்ரெண்டு ஒருத்தன் பெரிய செட்டாவே வாங்கறான், ரெண்டு பேரும் சேர்ந்து போட்டா ஷிப்பிங் மிச்சம்ங்கிறான். பழசையெல்லாம் வித்துட்டு மொத்தமா மாறிடட்டுமா?

பதில்: தம்பி, விக்காதீங்க. மாறவும் வேண்டாம், அதாவது மொத்தமா மாற வேண்டாம். நாலே நாலு பாட்டில் வாங்கி ஒரு வாரம் வச்சு அடிச்சுப் பாருங்க, அதுக்கப்புறம் நீங்களே முடிவு பண்ணிடுவீங்க.

பெயிண்ட்ல குறைன்னு சொல்லல. 2024ல வந்த ரேஞ்ச், டென்மார்க் கம்பெனி, ஆறு ஆறு கலரா ஒரே குடும்பமா அடுக்கியிருக்காங்க, அடர்த்தியானதுல ஆரம்பிச்சு வெளிர் வரைக்கும் படிப்படியா போகும், அதனால நிழலுக்கு எது, ஹைலைட்டுக்கு (வெளிச்சம் படற மேட்டுக்கு) எதுன்னு கலந்து கலந்து தேட வேண்டியதில்ல. வீடியோவுல மினியேச்சர் பெயிண்டிங் சொல்லிக் கொடுக்கற டங்கன் ரோட்ஸ் கொண்டு வந்த டூ தின் கோட்ஸ் பெயிண்ட்லயும் இதே யோசனைதான், அதுல மூணு மூணா இருக்கும். புதுசா கத்துக்கறவங்களுக்கு இது பெரிய உதவி, நான் ஆரம்பிச்சப்ப இப்படி ஒண்ணு இருந்திருந்தா ரெண்டு வருஷம் மிச்சம் ஆகியிருக்கும்.

ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. பாட்டில் 18 மி.லி. ஒரு மி.லி.க்கு சுமார் 20 சொட்டுன்னு வச்சாலும் 360 சொட்டு. 32 மி.மீ. அளவு சிப்பாய் ஒருத்தனுக்கு மெயின் கலரே ரெண்டு கோட்டுக்கும் சேர்த்து மூணு நாலு சொட்டு போதும். அப்ப ஒரே பாட்டில்ல 90 பேருக்கு மேல அடிக்கலாம். பெல்ட்டுக்கும் பைக்கும் அடிக்கற பிரவுன் எல்லாம் ஆளுக்கு அரை சொட்டு கூட ஆகாது. 216 பாட்டில உங்க ஆயுசுக்கும் தீர்க்க முடியாது, பாதி ஷெல்ஃப்லயே கெட்டியாகிடும், அந்தக் காசுல எத்தனை மினியேச்சர் வாங்கலாம்னு யோசிங்க.

நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டது இது. கம்பெனி பேரு வேண்டாம். புது ரேஞ்ச்னு ஆசைப்பட்டு 12 பாட்டில் செட் ஒண்ணு வாங்கினேன். நீலம், பச்சை, பிரவுன் எல்லாம் அருமை, ஆனா நான் வாங்கினதே மஞ்சளுக்காக, ஒரு மஞ்சள் படை பாதியில நின்னுட்டு இருந்தது. அந்த மஞ்சள் அஞ்சு கோட் போட்டும் பெயிண்ட் ஒட்டறதுக்காக முதல்ல அடியில பூசின கறுப்பு ப்ரைமர் தெரிஞ்சுக்கிட்டே இருந்தது, அஞ்சு கோட்ல முகத்துல இருந்த கோடெல்லாம் மூடிப்போச்சு. பெட்டியத் திறந்துட்டீங்க, இனி எடுத்துக்க மாட்டோம்னு கடையில சொல்லிட்டாங்க. பத்து ஆள் வீணாப் போச்சு.

அதனாலதான் நாலு பாட்டில்ங்கறேன். எந்த நாலு? வெள்ளை, மஞ்சள், சிவப்பு, அப்புறம் உங்க படையில அதிகமா வர்ற கலர். நீலத்தையும் பிரவுனையும் எந்தக் கம்பெனியும் ஓரளவு நல்லாத்தான் செய்வாங்க, அதை வச்சு ஒரு ரேஞ்ச எடை போடக் கூடாது. மஞ்சளுக்கும் நல்ல சிவப்புக்கும் பெரும்பாலும் ஆர்கானிக் பிக்மென்ட் (கலர் தர்ற பொடி) போடறாங்க, பளிச்சுனு இருக்கும் ஆனா தன்மையிலேயே பாதி கண்ணாடி மாதிரி, அடியில இருக்கறது தெரியும். வெள்ளையில டைட்டானியம் டையாக்சைடு, அது நல்லா மூடும், ஆனா கனமான பொடி, அடியில போய் உக்காந்துக்கும், சரியா அரைக்கலன்னா காஞ்சதும் சுண்ணாம்பு பூசின சுவர் மாதிரி பொரபொரன்னு வரும். இந்த மூணையும் ஒழுங்கா செஞ்சிருந்தா மத்ததை நம்பி வாங்கலாம்.

எப்படி டெஸ்ட் பண்றதுன்னா, ஐஸ்கிரீம் கப்போட வர்ற பிளாஸ்டிக் ஸ்பூன் நாலு எடுங்க, சோப்பு போட்டு கழுவி காய வைங்க, நீங்க வழக்கமா போடற ப்ரைமரையே இடது பாதி கறுப்பு வலது பாதி வெள்ளைன்னு போடுங்க. ஒரு நாள் காயட்டும். பாட்டில ஒரு நிமிஷம் நல்லா குலுக்கிட்டு முதல் சொட்டை வெள்ளைக் காகிதத்துல விடுங்க. அந்த சொட்டுதான் நிறைய கதை சொல்லும், சில பாட்டில்ல கலரே இல்லாம தண்ணி மாதிரி ஒரு திரவம் வந்து காகிதத்துல ஒரு வளையமா படரும், அதுக்குப் பின்னாடிதான் கலர் வரும். பிசின் தனியா பிக்மென்ட் தனியா பிரிஞ்சிருக்குன்னு அர்த்தம். கெட்டுப்போகல, இன்னும் குலுக்கணும். பாட்டில் மூக்கைக் கழட்டி உள்ள ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குண்டு போட்டுட்டா அடுத்த தடவை சீக்கிரம் கலந்துடும், சைக்கிள் கடை பால்ரஸ் போடாதீங்க, துருப்பிடிச்சு வெள்ளை பெயிண்ட் எல்லாம் காவி ஆகிடும்.

இப்ப ஸ்பூன்ல கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து குறுக்கா ஒரு பட்டை. நீங்க எப்பவும் கலக்கற அளவுக்கு தண்ணி கலந்தே போடுங்க, அப்படியே கெட்டியா போட்டா எல்லாமே மூடும், அதுல ஒண்ணும் தெரியாது. காஞ்சதும் பட்டையோட பாதியில மட்டும் ரெண்டாவது கோட், கால்வாசியில மூணாவது. பக்கத்துலயே உங்க சிட்டாடல் சிவப்பையும் வல்லேஜோ சிவப்பையும் அதே மாதிரி போடுங்க, இதை மட்டும் மறந்துடாதீங்க, தனியா பாத்தா எந்த சிவப்பும் நல்ல சிவப்புதான். ஜன்னல் ஓரமா பகல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. கறுப்பு முடிஞ்சு வெள்ளை ஆரம்பிக்கற அந்தக் கோடு எத்தனாவது கோட்ல காணாமப் போகுதோ அதுதான் அந்த பெயிண்டோட மார்க். ரெண்டுல போனா பிரமாதம், மஞ்சளுக்கு மூணுல போனாலே நான் சந்தோஷப்படுவேன்.

மறுநாள் ஒரு இயர்பட்ட தண்ணியில நனைச்சு இருபது தடவை தேய்ங்க. பஞ்சுல கலர் ஒட்டுதான்னு பாருங்க. இதை ஏன் சொல்றேன்னா, இதே ஆர்மி பெயின்டர் கம்பெனி 2022ல ஸ்பீட்பெயின்ட்னு ஒண்ணு விட்டாங்க, ஒரே கோட்ல நிழலும் ஹைலைட்டும் வர்ற வகை. வேகமா வேலை முடிஞ்சது, ஆனா காஞ்சதுக்கு மேல ஈரமா வேற கலர் போட்டா அடியில இருக்கறது கரைஞ்சு மேல வந்துடும், சிவப்பு மேல வெள்ளை ஹைலைட் போட்டா ரோஸ் ஆகிடும். வாங்கினவங்க எல்லாரும் இதையே சொன்னதுல 2023ல ஃபார்முலாவ மாத்தி 90 கலரோட 2.0 விட்டாங்க, அதுல அந்தத் தொல்லை தீந்துச்சு. குறைய காது கொடுத்து கேட்டு ஒரே வருஷத்துல சரி பண்ணினாங்க, அதை மனசார பாராட்டணும். ஆனா முதல் மாசமே ஃபுல் செட் வாங்கினவங்க கையில பழைய ஃபார்முலாதானே இருக்கு? புது ரேஞ்ச் எதுவா இருந்தாலும் ஆறு மாசம் பொறுங்கன்னு சொல்றது இதனாலதான். செகண்ட் ஹேண்ட்ல யாராவது ஸ்பீட்பெயின்ட் குறைஞ்ச விலைக்கு கொடுத்தா அந்த இயர்பட் டெஸ்ட் பண்ணாம காசு கொடுக்காதீங்க. ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா ஸ்பீட்பெயின்ட் நல்லா காஞ்சதும் ஸ்ப்ரேயில ஒரு கோட் வார்னிஷ் போட்டுட்டு மேல வேலை பாருங்க, பிரச்சனை குறையும்.

இன்னொண்ணு, பாதி அடிச்ச படை இருந்தா அதை பழைய பெயிண்ட்லயே முடிச்சுடுங்க. இந்தக் கம்பெனி நீலத்துக்கு அந்தக் கம்பெனி நீலம் சமம்னு சார்ட் எல்லாம் கிடைக்கும், அதெல்லாம் கிட்டத்தட்டதான். பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சா மூணடி தள்ளி நின்னு பாக்கறவங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: விலைய எப்படி ஒப்பிடறது? ஒவ்வொரு கம்பெனி பாட்டிலும் ஒவ்வொரு சைஸா இருக்கே.

பதில்: பாட்டில் விலைய பாக்காதீங்க, மி.லி. விலைய பாருங்க. சிட்டாடல் பேஸ், லேயர் எல்லாம் 12 மி.லி., அவங்களோட கான்ட்ராஸ்ட், ஸ்பீட்பெயின்ட் மாதிரி ஒரே கோட் வகை, 18. வல்லேஜோ மாடல் கலர் ரொம்ப வருஷமா 17, இப்ப புதுசா வர்றது 18. டூ தின் கோட்ஸ் 15, அமெரிக்காவோட ப்ரோ அக்ரில் 22, டாமியா சின்ன பாட்டில் 10. ஒரு பேச்சுக்கு 12 மி.லி. டப்பா 300 ரூபா, 18 மி.லி. பாட்டில் 400 ரூபான்னு வைங்க. முதல்ல பாத்தா 300 தான் சல்லிசு. மி.லி.க்கு போட்டா முதலாவது 25 ரூபா, ரெண்டாவது 22 ரூபா சொச்சம்.

வீணாகறதையும் சேர்த்துக்கங்க. மேல தூக்கற மூடி டப்பாவுல ஓரத்துல பெயிண்ட் காஞ்சு படிஞ்சுட்டா மூடி உக்காராது, நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு சித்திரை தாண்டறதுக்குள்ள உள்ள ரப்பர் ஆகிடும். அந்த மாதிரி டப்பா வச்சிருந்தா ஒவ்வொரு தடவையும் ஈரத்துணியால விளிம்ப துடைச்சு மூடுங்க. டாமியா வாங்கறவங்க ஒண்ணு கவனிங்க, அதுவும் அக்ரிலிக் தான் ஆனா ஆல்கஹால் சேர்ந்தது, வாசனையிலேயே தெரியும், அதை வல்லேஜோ கூடவோ சிட்டாடல் கூடவோ கலந்தா தயிர் மாதிரி திரிஞ்சுடும். பிரஷ்ல அடிச்சா ரெண்டாவது கோட் முதல் கோட்ட இழுத்துக்கிட்டு வரவும் செய்யும். ஏர்பிரஷ்க்கு அருமையான பெயிண்ட், உங்ககிட்ட ஏர்பிரஷ் இருந்தா தைரியமா வாங்குங்க.

கேள்வி: ஆன்லைன்ல வாங்கின பெயிண்ட் பாதி காஞ்சு வந்திருக்கு, ஸ்ப்ரே ப்ரைமர் ஆர்டர் கேன்சலே ஆகிடுச்சு. யார்கிட்ட கேக்கறது? (சென்னை)

பதில்: ஸ்ப்ரே கேன் அழுத்தத்துல இருக்கற எரியக்கூடிய பொருள், சாதாரண பார்சலா ஃபிளைட்ல ஏத்த மாட்டாங்க. கேன்சல் ஆனதுக்கு அதுதான் காரணமா இருக்கும், பணம் திரும்ப வந்துடுச்சான்னு மட்டும் பாத்துக்கங்க. பாட்டில்ல வர்ற ப்ரைமர் வாங்கிடுங்க, வல்லேஜோ சர்ஃபேஸ் ப்ரைமர் மாதிரி, தண்ணி பேஸ் தான், பிரஷ்லயே போடலாம். சென்னைக்கு அதுதான் நல்லதும் கூட. ஐப்பசி கார்த்திகை மழையில மொட்டை மாடியில நின்னு மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடிச்சு மொத்த ஆளும் பனி பெஞ்ச மாதிரி வெளுத்துப் போன கதை நிறைய பேருக்கு இருக்கு, காத்துல இருக்கற ஈரம் பண்ற வேலை.

காஞ்சு வந்ததுக்கு, பாட்டில திறக்கறதுக்கு முன்னாடியே வீடியோ எடுக்கற பழக்கம் வச்சுக்கங்க. பார்சல் பிரிக்கறதுல இருந்து பாட்டில குலுக்கறது வரைக்கும் ஒரே வீடியோ. நம்ம நாட்டுல விக்கற இறக்குமதி சரக்குல இறக்குமதி பண்ணினவங்க பேரு முகவரி, எம்ஆர்பி, அளவு, மாசம் வருஷம், புகாருக்கு தொடர்பு விவரம் எல்லாம் ஸ்டிக்கரா இருக்கணும், அது சட்டம். ஸ்டிக்கர் இல்லாத பாட்டில் அரை விலைக்கு கிடைச்சாலும் வாங்காதீங்க, பழைய ஸ்டாக்கா போலியான்னு நமக்குத் தெரியப்போறதில்ல. கடைக்காரர் மெயிலுக்கு பதில் போடலன்னா 1915க்கு போன் பண்ணுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். பில்லு, வீடியோ, மெயில் மூணும் கையில வச்சுக்கிட்டு பேசுங்க.

கேள்வி: என் பையனுக்கு 10 வயசு. பிரஷ் நுனிய கூராக்க வாயில வச்சுக்கறான். வீடியோவுல பாத்து கத்துக்கிட்டான் போல. பாட்டில்ல நச்சு இல்லைன்னு போட்டிருக்கு, பரவாயில்லையா?

பதில்: வேண்டாங்க, இன்னைக்கே நிறுத்திடுங்க. நச்சு இல்லைங்கறது வழக்கமா கையில படற அளவுக்கு சொல்றது, தினம் தினம் வாயில போறதுக்கு இல்ல. பாட்டில்ல ஏஎஸ்டிஎம் டி-4236ன்னு இருந்தா ஆபத்து ஏதாவது இருக்கான்னு பரிசோதிச்சு அதுக்கேத்த மாதிரி லேபிள் போட்டிருக்காங்கன்னு மட்டும்தான் அர்த்தம், அந்த நம்பரே பாதுகாப்பு சர்டிஃபிகேட் கிடையாது, நிறைய பேர் இதை தப்பா புரிஞ்சுக்கறாங்க. தண்ணி பேஸ் பெயிண்ட் கெடாம இருக்க பென்ஸ்ஐசோதயசோலினோன் மாதிரி பொருள் சேர்ப்பாங்க, அது சிலருக்கு அலர்ஜி கொடுக்கும், லேபிள் பின்னாடி பொடி எழுத்துல எழுதியிருக்கும், பூதக்கண்ணாடி வச்சாவது படிச்சுப் பாருங்க.

பிரஷ் கூராக்க ஈரமான டிஷ்யூ பேப்பர்ல படுக்க வச்சு சுத்தி இழுக்கச் சொல்லுங்க, நுனி ஊசி மாதிரி வரும். அப்படியே அவனுக்கு ஒரு வெட் பேலட்டும் (பெயிண்ட் காயாம ஈரமா வச்சிருக்கற தட்டு) செஞ்சு கொடுத்துடுங்க, கடையில வாங்க வேண்டாம். மூடி இருக்கற தட்டையான டப்பா, உள்ள நாலா மடிச்ச டிஷ்யூ நல்லா நனைச்சு, மேல பேக்கிங்குக்கு போடற பட்டர் பேப்பர். மெழுகு பூசின பேப்பர் வேண்டாம், அது தண்ணிய மேல விடாது. மூடி வச்சா ரெண்டு மூணு நாள் ஆனாலும் பெயிண்ட் ஈரமா இருக்கும், பாட்டில்ல இருந்து திரும்பத் திரும்ப பிதுக்க மாட்டான். மெட்டாலிக் கலர் மட்டும் அதுல போட வேண்டாம், தனித்தட்டு, தனி தண்ணி கிளாஸ். அந்த மினுக்குத் துகள் ஒரு தடவை தண்ணியில கலந்துட்டா அடுத்து அடிக்கற முகம் எல்லாம் பளபளன்னு வந்துடும்.