பாண்ட் பயணம் பிள்ளைக்கு எதற்கு? – பெற்றோர், மாணவர் கேள்விகளுக்குப் பதில்

கொழும்புப் பாடசாலைகளில் நீண்ட காலம் பாண்ட் பழக்கியவன் நான். பயணக் கடிதம் வீட்டுக்கு வரும் நாட்களில் எனக்குக் கேள்விகளும் வரும். இம்முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மகன் ஒன்பதாம் தரம், ட்ரம்பெட் வாசிக்கிறான். ஆகஸ்ட் லீவில் மூன்று நாள் யாழ்ப்பாணம் போகிறார்களாம். அங்கே ஒரு பாடசாலையில் ஒரு மணித்தியாலம் வாசிப்பு, மிச்சமெல்லாம் சுற்றிப் பார்ப்பது. இதற்கு ஏன் சேர் இவ்வளவு காசு? இங்கேயே ஹோலில் பழகினால் போதாதா? (ஒரு தாய், வெள்ளவத்தை)

போதாது அம்மா. உங்கள் மகன் சேர்ந்த நாளிலிருந்து ஒரே ஹோலில், ஒரே மூலையில் நின்று வாசிக்கிறான். அந்தச் சுவர்கள் திருப்பித் தரும் சத்தம் அவன் காதுக்குப் பழகிவிட்டது. பக்கத்தில் நிற்பவனைக் கேட்காமலே பழக்கத்தில் வாசித்து முடித்துவிடலாம். அறியாத இடத்தில் அது முடியாது.

ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். நம் வெப்பநிலையில் சத்தம் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 349 மீற்றர் போகும். மைதானத்தில் 60 மீற்றர் தள்ளி ஒரு பவிலியன் சுவர் இருந்தால், வாசித்த சுரம் அதில் பட்டுத் திரும்பி வர ஏறக்குறைய மூன்றில் ஒரு செக்கன் எடுக்கும். நிமிடத்துக்கு 120 அடி என்ற மார்ச் நடையில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் இருப்பதே அரைச் செக்கன்தான். அடுத்த அடி விழுவதற்கு முன்னால் பழைய அடியின் எதிரொலி காதில் வந்து விழுகிறது. அந்த எதிரொலியைப் பிடித்துக்கொண்டு வாசிக்கும் பிள்ளை பிந்துவான், அவனைக் கேட்கும் பிள்ளையும் பிந்துவான், நாலு வரி போவதற்குள் முழு பாண்டும் இழுபடும். அப்போதுதான் லீடரின் கோலைக் கண்ணால் பிடிக்கவும், பின்வரிசை பேஸ் ட்ரம்மைத் தேடிக் கேட்கவும் பிள்ளைகள் தாமாகப் பழகுகிறார்கள். ஹோலில் நான் ஆயிரம் முறை "கேளுங்கோ, கேளுங்கோ" என்று கத்தினாலும் இது வராது.

ஆனால் மூன்று நாளில் ஒரு மணித்தியால வாசிப்பு என்பது மிகக் குறைவு. உங்கள் கேள்வியில் இருக்கும் நியாயம் அங்கேதான். மாஸ்டரிடம் கேளுங்கள்: அதே மூன்று உருப்படிகளைக் குறைந்தது மூன்று இடங்களில் வாசிக்க ஏற்பாடு செய்ய முடியாதா என்று. ஒரு மைதானம், ஒரு மூடிய மண்டபம், ஒரு மரநிழல். அங்குள்ள பாடசாலையின் பாண்டோடு சேர்ந்து ஓர் உருப்படி வாசித்தால் இன்னும் நல்லது. முன்பின் அறியாத பிள்ளைகளோடு அரை மணித்தியாலத்துக்குள் ஒரு தாளத்துக்கு வருவதை வேறு எங்கே பழகுவது?

சுற்றிப் பார்ப்பதையும் வீண் என்று தள்ளிவிடாதீர்கள். இணுவில், அளவெட்டி என்ற ஊர்ப்பெயர்களைக் கேட்டாலே நாதஸ்வரமும் தவிலும் நினைவுக்கு வரும். தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாழ்ந்த மண் அது. ஆகஸ்ட் என்றால் நல்லூரில் 25 நாள் திருவிழா நடக்கும் காலமாகவும் அமையலாம். சைட் ட்ரம் அடிக்கும் பிள்ளையைத் தவில்காரருக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் நிற்க வையுங்கள். வலக்கையில் விரல்கூடுகள், இடக்கையில் கழி, இரண்டு பக்கமும் இரண்டு விதமான நாதம். கொழும்பில் எந்த வகுப்பிலும் அதைக் காட்ட எனக்கு வழி இருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொழும்பு பாண்டுகள் பலவற்றில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை ரயில் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும், அங்கே ஒருமுறையேனும் போகாத பிள்ளைகள் அந்த வரிசைகளில் நிறைய. உங்கள் மகனின் சிங்கள நண்பன் அந்த ஊர்ப் பாடசாலை ஹோலில் பாய் விரித்துப் படுத்து, காலையில் அவர்கள் தரும் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, அவர்களுக்காக வாசித்துவிட்டு வருவான். இது பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று பெரியவர்கள் நாங்கள் பல நேரம் உணர்வதில்லை. அனுப்புங்கள் அம்மா.

பயணக் காசு எங்களுக்குக் கட்டாது. மகளிடம் "இந்த முறை வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. நான் செய்தது சரியா? (ஒரு தந்தை, கொட்டாஞ்சேனை)

காசு இல்லாதது உங்கள் குற்றமில்லை. ஆனால் அந்தப் பதிலை மகளிடம் சொல்வதற்கு முன் பொறுப்பாசிரியரிடம் போயிருக்கலாம். இன்னும் நேரம் இருந்தால் இன்றே தனியாகப் போய்ச் சந்தியுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமோ பழைய மாணவர்களிடமோ கேட்டு ஒரு பிள்ளையின் பங்கைச் சமாளிப்பது பெரும்பாலும் முடிகிற காரியம். யாருடைய பங்கை யார் கொடுத்தார்கள் என்பது இரண்டு பேருக்கு மேல் தெரியக்கூடாது. வகுப்பில் எழுப்பி நிறுத்தி "யார் யார் இன்னும் காசு தரவில்லை" என்று கேட்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் அதை நிறுத்த வேண்டும். அந்த ஒரு நிமிடத்தோடு பாண்டை விட்டுப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பாண்ட் நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே ஒரு பிள்ளைக்குக் கட்டாவிட்டாலும் அந்தப் பயணத்தைச் சுருக்குங்கள். நீர்கொழும்புக்கோ களுத்துறைக்கோ சாப்பாட்டுப் பார்சல் கட்டிக்கொண்டு காலையில் போய் மாலையில் திரும்பலாம். அதுவும் முடியாவிட்டால் கொழும்புக்குள்ளேயே போங்கள். 1958இல் தொடங்கிய இலங்கை சிம்பொனி இசைக்குழுவின் கச்சேரி ஒன்றுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போய், ட்ரொம்போன்காரர்கள் தங்கள் முறை வரும்வரை எத்தனை அட்சரம் எண்ணிக்கொண்டு சும்மா இருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். வாசிக்காத நேரத்திலும் இசைக்குள் இருப்பது எப்படி என்று அங்கே தெரியும்.

போன முறை நுவரெலியாவில் காலை ஏழு மணிக்கு வாசித்தோம். கொழும்பில் சரியாக இருந்த சுருதி அங்கே முழுதாகக் குழம்பிவிட்டது. நாங்கள் பழகாதது காரணமா? (கிளாரினெட் வாசிக்கும் மாணவி, பம்பலப்பிட்டி)

இல்லை மகள், குளிர்தான் காரணம். நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஊதும் வாத்தியத்தில் சுருதியைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் காற்று. காற்று குளிர்ந்தால் அதில் சத்தத்தின் வேகம் குறையும், சுருதி இறங்கும். கொழும்பின் 30 பாகையில் வேகம் செக்கனுக்குச் சுமார் 349 மீற்றர். 15 பாகையில் சுமார் 340. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காலை அதைவிடக் குளிராகவும் இருக்கும். குழாய்க்குள் இருக்கும் காற்று முழுவதும் 30 பாகையிலிருந்து 15 பாகைக்குக் குளிர்ந்தால், சுருதி கிட்டத்தட்ட ச-வுக்கும் சின்ன ரி-க்கும் இடைப்பட்ட தூரத்தில் பாதி இறங்கிவிடும். நீ ஊத ஊத உன் மூச்சு குழாயைச் சூடாக்குவதால் நிஜத்தில் அவ்வளவு இறங்காது. ஆனால் பேச்சு, மாலை, வரவேற்பு என்று பத்து நிமிடம் சும்மா நின்றால் மறுபடி குளிர்ந்துவிடும்.

சின்ன வாத்தியம் சீக்கிரம் சூடாகும், யூபோனியம் போன்ற பெரியது மெதுவாக. ஆகவே எல்லோரும் ஒரே அளவில் இறங்குவதில்லை. உங்கள் பாண்டில் உலோகத் தகடுகள் உள்ள பெல் லயர் இருந்தால் இன்னும் சிக்கல். குளிரில் உலோகம் விறைப்பதால் அதன் சுருதி மிகச் சிறிதளவு ஏறும். ஒரு பக்கம் இறங்க மறுபக்கம் ஏறினால் காதுக்கு எப்படி இருக்கும்?

செய்ய வேண்டியது: வரிசையில் நிற்கும்போது சத்தம் வராமல் வாத்தியத்துக்குள் மெதுவாகச் சூடான மூச்சை விட்டுக்கொண்டே இரு. சுருதி பார்ப்பதை அறைக்குள் முடித்துவிட்டு வெளியே போகாமல், வாசிக்கும் இடத்தில் வைத்தே பாருங்கள். ட்ரம்பெட்காரர்கள் சுருதிக் குழாயைக் கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டும், நீ கிளாரினெட்டின் பரலை (மவுத்பீஸுக்கு அடுத்துள்ள குட்டைத் துண்டை) உள்ளே அழுத்தலாம். இதற்கு இடம் இருக்க வேண்டுமானால் கொழும்பில் அவை சற்று வெளியே இழுத்திருக்க வேண்டும். உன்னுடையது மரக் கிளாரினெட் என்றால் கவனம்: குளிரில் கிடந்த மரத்துக்குள் திடீரென்று சூட்டோடு பலமாக ஊதினால் வெடிப்பு விழலாம். முதலில் கைக்குள்ளும் கோட்டுக்குள்ளும் வைத்துக் குளிரை எடு.

பயணம் போனதால்தான் இந்தக் கேள்வி உனக்கு வந்தது என்பதையும் கவனி.

மிருதங்கம் பழகுகிற பிள்ளை பாண்டிலும் சேர்ந்து வெளியூர் போனால் லயம் கெட்டுவிடும் என்று அவனுடைய குரு சொல்கிறார். (ஒரு தாய், தெஹிவளை)

குருவுக்கு மரியாதையோடு சொல்கிறேன், அப்படிக் கெடாது. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய பாண்டுகள் வாசித்த மெட்டுக்களில் சமஸ்கிருத சாகித்தியம் செய்தார். நொட்டுஸ்வரம் என்று நம் பிள்ளைகள் இன்றும் ஆரம்ப வகுப்பில் பாடுகிறார்கள். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் சென்னையில் வயலினைப் பழகி அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? சாக்ஸபோனை கத்ரி கோபால்நாத் எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்பதையும் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் குரு சொல்வதைக் கேளுங்கள். சைட் ட்ரம் குச்சி பிடிக்கும் கை வேறு, மிருதங்கத்து விரல் வேறு. அரங்கேற்றத்துக்கு முந்திய மாதங்களில் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

எனக்கு ஓ.எல். வருகிறது. கடைசிப் பயணம், போகவா? பயணச் சான்றிதழ் பிறகு உதவுமா? (மாணவன், மட்டக்குளி)

மகன், பரீட்சைக்கு மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் போ. அதற்குள் என்றால் இரவு தங்கும் பயணத்தை விடு, ஒரு நாள் நிகழ்ச்சி என்றால் வாசித்துவிட்டு வா. ஒரு ரியூசன் வகுப்பு தவறுவதைப் பிடித்துவிடலாம், மூன்று நாள் களைப்பைக் கடைசி மாதத்தில் பிடிக்க முடியாது.

சான்றிதழைப் பற்றி ஆசை காட்ட மாட்டேன். பல்கலைக்கழக அனுமதியில் விசேட திறமைக்கென ஒரு வழி உண்டு, ஆனால் அது தேசிய, சர்வதேச மட்டச் சாதனைகளுக்கு. பயணம் போனதற்கான தாள் அங்கே செல்லாது. விடுகைப் பத்திரத்தில் பாண்டில் இருந்ததும் லீடராக இருந்ததும் பதியப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள், அது போதும்.

மகளை இரவு தங்க அனுப்பப் பயமாக இருக்கிறது. (ஒரு தாய், வத்தளை)

பயப்படுவது நியாயம். பெண் ஆசிரியைகள் எத்தனை பேர், பிள்ளைகள் படுக்கும் இடத்திலேயே அவர்களும் படுக்கிறார்களா, கல்வித் திணைக்கள அனுமதி எழுத்தில் வந்துவிட்டதா, பஸ் இரவில் ஓடுமா, மாற்றுச் சாரதி உண்டா என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் அனுப்ப வேண்டாம். இப்படிக் கேட்கும் தாயை ஒரு நல்ல பொறுப்பாசிரியர் தொல்லை என்று நினைக்க மாட்டார்.

என்னை ரிசேர்வ் என்று கூட்டிப் போனார்கள். இரண்டு நாளும் பெட்டி தூக்கினேன், ஓர் உருப்படிகூட வாசிக்க விடவில்லை. (எட்டாம் தர மாணவன்)

உன் கடிதத்தை வாசித்து மனம் கஷ்டப்பட்டது, மகன். இதை உன் மாஸ்டருக்கும் மற்ற எல்லா மாஸ்டர்மாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். போட்டி என்றால் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இருக்கும், அங்கே எல்லோரையும் நிறுத்த முடியாது. ஆனால் நட்பு நிகழ்ச்சிக்குப் போகும்போது பஸ்ஸில் ஏறுகிற எந்தப் பிள்ளையும் வாசிக்காமல் திரும்பக்கூடாது. தேசிய கீதத்திலாவது, எளிய ஒரு மார்ச்சிலாவது அவனை வரிசையில் நிறுத்துங்கள். பார்க்க வந்தவர்களுக்கு ஒரு பிழைச் சுரம் கேட்டால் என்ன நட்டம்? போட்டிக்குப் போகும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு முறையாவது போட்டியில்லாத பயணம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இந்தப் பிள்ளைகளுக்காகத்தான். நீ விட்டுப் போகாதே. அடுத்த கடிதம் வந்ததும் "நான் எந்த உருப்படி வாசிப்பேன், சேர்?" என்று முதலிலேயே கேள்.

பஸ்ஸில் மகனுக்குச் சத்தி வரும். (ஒரு தந்தை, கொள்ளுப்பிட்டி)

முன் இருக்கை கேளுங்கள். வெறும் வயிற்றிலும் வேண்டாம், நிறையச் சாப்பிட்டும் வேண்டாம். போனைப் பார்க்க விடாதீர்கள். மலையக வீதி என்றால் வைத்தியரிடம் மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வாத்தியங்களைப் பஸ்ஸில் எங்கே வைப்பது? போன முறை ஒரு ட்ரம் தோல் கிழிந்துவிட்டது. (பழைய மாணவர்)

பேஸ் ட்ரம் கடைசி இருக்கையில், முகம் எதிலும் படாமல், கயிற்றால் கட்டி. சைட் ட்ரம்களை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் நடுவில் தடித்த துணி. பித்தளை வாத்தியங்கள் பெட்டிக்குள், மவுத்பீஸ் கழற்றி. கூரையில் எதையும் ஏற்ற வேண்டாம், வெயில் தோலையும் ஒட்டுப் பசையையும் கெடுக்கும். உதிரியாக வால்வ் எண்ணெய், ரீட் ஒரு பெட்டி, சைட் ட்ரம்முக்கு ஒரு தோல், அதை இறுக்கும் சாவி இரண்டு எடுத்துச் செல்லுங்கள். சாவி ஒன்று எப்படியும் தொலையும்.