குரல் பதிவில் சிங்களம் படிக்கலாமா?

கேள்வி: திருகோணமலையில் அரச அலுவலகமொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். இரண்டாம் மொழித் தேர்ச்சிக்காகச் சிங்களம் படிக்க வேண்டியுள்ளது. வகுப்புக்குப் போக நேரமில்லை. முகநூல், வாட்ஸ்அப் குழுக்களில் சேர்ந்து படித்தால் போதுமா?
- வாசகி ஒருவர், உப்புவெளி

பதில்: பேச்சுக்குப் போதும், எழுத்துப் பரீட்சைக்குப் போதாது. முகநூலில் பெரும்பாலும் எழுதப்படுவது பேச்சுச் சிங்களம். அதில் நான், நீ, அவர்கள் என எவர் போனாலும் வினை 'யனவா' என்றே நிற்பதால், போகிறேன், போகிறாய், போகிறார்கள் என்று விகுதி மாற்றிப் பழகிய நமக்கு அது மிக இலகுவாகத் தோன்றும். எழுத்து நடையிலோ 'மம யமி', 'அபி யமு' என்று ஆளுக்கேற்ப வினை மாறும். பேச்சில் 'யமு' என்பது 'போவோம், வாருங்கள்' என்ற அழைப்பு. எழுத்தில் அதே சொல்லை 'நாங்கள் போகிறோம்' என்று கொள்ள வேண்டும். ஆகவே குழுவில் பழகும் நாட்களிலேயே சிங்களப் பத்திரிகையில் தினம் ஒரு செய்தியையாவது எழுத்துக்கூட்டி வாசியுங்கள்.

இன்னொன்று: புதுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். சிங்களத்தில் மஞ்சளுக்கும் மரத்துக்கும் உள்ள வேறுபாடு முதலெழுத்தின் ஒலி மட்டுமே. முன்னது வல்லொலி, பின்னது 'தங்கம்' என்பதில் வரும் ககரத்தின் மெல்லொலி. நம் கொப்பியில் இரண்டும் 'கஹ' என்றே விழும். பிறகு எது எதுவென்று யார் சொல்வது? இங்கேதான் வாட்ஸ்அப்பின் குரல் பதிவு வகுப்பறையையும் மிஞ்சிவிடுகிறது. ஒருவர் சொன்னதைப் பத்துத் தடவை கேட்கலாம். உங்கள் பதிவை அனுப்புமுன் நீங்களே கேட்டு, பிழையென்றால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம். வெட்கப்படுகிறவர்களுக்கு (நானும் அந்த வகைதான்) இது பெரிய ஆறுதல்.

ஆனால் நூற்றுக்கணக்கானோர் இருக்கும் குழுவில் காலை வணக்கப் படங்கள் குவியுமே தவிர, உங்கள் உச்சரிப்பைத் திருத்த எவரும் மினக்கெடமாட்டார். அதைவிட, உங்கள் அலுவலகத்திலேயே தமிழ் படிக்கும் சிங்கள உத்தியோகத்தர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அரச ஊழியரின் இரண்டாம் மொழித் தேர்ச்சி பற்றிய 2007ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை உங்களிடம் சிங்களம் கேட்டதுபோல அவர்களிடம் தமிழும் கேட்டது. இரவில் ஒரு நிமிடம் நீங்கள் சிங்களத்தில் பேசி அனுப்புங்கள். அவர் தமிழில் அனுப்பட்டும். பதிலுக்கு அவர் ழகரத்தைத் திருத்தித் தரும்படி கேட்பார். அதற்கு முன் நீங்களும் 'வாழைப்பழம்' என்று ஒருமுறை பதிவுசெய்து கேட்டுக்கொள்வது நல்லது.