செல்லுக்குள்ள இழை கட்டுறது யாரு? வந்த கேள்விகளும் என் பதிலும்

கேள்வி: செல்லுக்கு உருவம் குடுக்கிற ஆக்டின் இழையை எல்லாம் யாரு கட்டுறா? மேஸ்திரி மாதிரி ஏதாவது இருக்கா?

மேஸ்திரின்னு தனியா யாரும் கிடையாதுங்க. ஆக்டின் புரோட்டீன் தனித்தனியா மிதந்துக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு மோதும், ஆனா ரெண்டு மட்டும் ஒட்டினா நிக்காது, உடனே பிரிஞ்சுடும், மூணு சேர்ந்தாதான் ஒரு பிடிப்பு வரும், அப்புறம் மளமளன்னு நீளும். கஷ்டமே அந்த ஆரம்பம்தான், அதனால செல்லு கடிவாளத்தை அங்கதான் வச்சிருக்கு. ஆர்ப்2/3ங்கிற புரோட்டீன் கூட்டம் பழைய இழை மேல உக்காந்து சுமார் 70 டிகிரி சாய்வுல புதுக் கிளையைத் துவக்கும், ஃபார்மின்ங்கிற இன்னொரு புரோட்டீன் வந்தா கிளையில்லாம நேரா நீளும். எங்க எது வேலை செய்யுதோ அதைப் பொறுத்துதான் வலையோட வடிவம்.

கேள்வி: இழைக்கு ரெண்டு முனையும் ஒரே மாதிரியா?

இல்ல. ஒண்ணு வேகமா வளரும், இன்னொண்ணு மந்தம். ஒரு பக்கம் சேர, மறுபக்கம் உதிரன்னு நீளம் மாறாமயே இழை ஓடிக்கிட்டு இருக்கும்.

கேள்வி: கட்டினதை ஏன் உடைக்கணும்? வேஸ்ட் இல்லையா சார்?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி. உடையலேன்னா அந்த இழையால பிரயோஜனமே இல்லைங்க. செல்லுல இருக்கிற இன்னொரு வகை இழையான மைக்ரோட்யூபுலை எடுத்துக்கங்க, பெரும்பாலும் 13 வரிசை ட்யூபுலின்ங்கிற புரோட்டீன் சேர்ந்த குழாய், அகலம் 25 நானோமீட்டர்தான். நுனியில ஜிடிபி (GTP)ங்கிற சக்தி தர்ற சின்ன மூலக்கூறு ஒட்டின ட்யூபுலின் தொப்பி மாதிரி இருக்கிற வரைக்கும் நிதானமா வளரும், அந்தத் தொப்பி போச்சுன்னா வரிசையெல்லாம் வாழைப்பழத் தோல் உரியுற மாதிரி வெளிப்பக்கம் சுருண்டு சடசடன்னு கரைஞ்சுடும். 1984ல மிட்சிசன், கிர்ஷ்னர்னு ரெண்டு விஞ்ஞானிங்க இதைச் சொன்னாங்க. முதல்தடவை வீடியோல பாத்தப்ப நான் திரும்பத் திரும்ப ஓட விட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன். செல்லு பிரியும்போது ஒரு குழாய் குரோமோசோமைத் தேடி நீளும், கிடைக்கலேன்னா கரைஞ்சு திரும்பி வேற திசையில போய்த் துழாவும். உடையாத குழாயால இப்படித் தேட முடியுமா?

கேள்வி: கண்வலிக்கிழங்குக்கும் இதுக்கும் சம்பந்தம்னு படிச்சேன், நிஜமா?

நிஜம்தான். கண்வலிக்கிழங்குன்னா செங்காந்தள், நம்ம மாநிலப் பூ. அதோட விதையிலயும் கிழங்கிலயும் இருக்கிற கோல்ச்சிசின் ட்யூபுலினைப் பிடிச்சுக்கிட்டு குழாய் கட்ட விடாது. டாக்சால்ங்கிற மருந்து நேர் எதிர், கட்டின குழாயை உடைய விடாது. ரெண்டுல எது நடந்தாலும் செல்லு பிரியுறது நின்னுடும், டாக்சாலை கேன்சருக்குக் குடுக்கிறதும் அதனாலதான். கோல்ச்சிசினை கௌட் மூட்டுவலிக்கு டாக்டர்ங்க ரொம்பச் சின்ன டோஸ்ல குடுப்பாங்க, அளவு மீறினா உயிருக்கே ஆபத்து, அதனால வேலியில இந்தக் கொடி இருந்தா கிழங்கைக் குழந்தைங்க தோண்டி எடுக்காம பாத்துக்கங்க.