இன்னொருவரின் லைசென்ஸ் எண்ணில் வேலை செய்யாதீர்கள், தம்பி

தம்பி, வவுனியாவில் எட்டு ஆண்டுகள் வயரிங் வேலை செய்துவிட்டு, என்.வி.கியூ. (இலங்கையின் தேசிய தொழில் தகைமை) நான்காம் மட்டச் சான்றிதழுடன் ஐந்து மாதங்களுக்கு முன் கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். உடனே சொந்தக் கம்பனி பதியலாமா, மாதம் எவ்வளவு உழைக்கலாம், எந்தப் பகுதியில் வீடு எடுக்கலாம், என்ன உபகரணங்கள் வாங்கவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு இடையில், உறவினர் ஒருவர் தமக்குத் தெரிந்தவரின் லைசென்ஸ் எண்ணில் பேஸ்மென்ட் (வீட்டின் நிலக்கீழ்த் தளம்) வேலைகள் எடுத்துத் தருவதாகவும், கூலி கையில் காசாகக் கிடைக்கும் என்றும் ஒரு வரி இருக்கிறது. நான் எழுதுவது அந்த வரிக்காகத்தான். வாடகையையும் உபகரணங்களையும் பற்றி அங்கே பக்கத்தில் இருப்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நீங்கள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் எலெக்ட்ரீசியன் தொழில், சான்றிதழ் கட்டாயமான தொழில். சான்றிதழ் பெற்றவராகவோ பதிவுசெய்த அப்ரென்டிஸாகவோ (தொழில் பழகுநர்) இல்லாத ஒருவர் எத்தனை ஆண்டு அனுபவம் வைத்திருந்தாலும் இன்னொருவரின் வீட்டு வயரிங்கில் கைவைக்கக் கூடாது. உறவினரின் நண்பர் தம் எண்ணை உங்களுக்குக் கொடுப்பதால் நீங்கள் சட்டத்துக்கு உட்பட்டவராக மாட்டீர்கள். அவரும் சட்டத்துக்கு வெளியே போகிறார். பிடிபட்டால் தனிநபருக்கு 50,000 டொலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு. ஆனால் என்னை வருத்துவது அபராதம் அல்ல. அப்படி உழைக்கும் மணித்தியாலங்கள் உங்கள் பெயரில் எங்கும் பதிவாகாமல் போய்விடுகின்றன என்பதுதான்.

நான் 1993 தையில், உறைபனிக்குள் இங்கே வந்து இறங்கினேன். நம்மூர்க்காரர் ஒருவர் அடுத்த வாரமே வேலைக்கு அழைத்தார். முதல் நாள் ஏணியில் நின்று சுவரிலிருந்த பெட்டியைத் திறந்தபோது, ஊரில் பழகியபடி சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல் என்று எண்ணிக் கறுப்பு வயரைத் தொடப் போனேன். பக்கத்தில் நின்ற போர்த்துக்கீசக் கிழவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். இங்கே கறுப்பில்தான் மின்சாரம் வரும், வெள்ளைதான் நியூட்ரல். ஊரில் 230 வோல்ற். இங்கே சாதாரண பிளக்குக்கு 120, அடுப்புக்கும் உடுப்பு காயவைக்கும் இயந்திரத்துக்கும் 240. எட்டு ஆண்டு அனுபவம் உங்கள் கைகளை விட்டுப் போகாது. ஆனால் கைக்குப் பழகிய சிலவற்றை இங்கே மறக்கவேண்டியிருக்கும். அதற்கு மின்வேலை விதிகள் அடங்கிய கோட் புத்தகத்தை முறையாகப் படிக்கவேண்டும்.

அந்த நம்மூர்க்காரரிடம் மூன்று ஆண்டுகள் காசுக்கு வேலை செய்தேன். 1996-இல் அப்ரென்டிஸாகப் பதியப் போனபோது, செய்த வேலைக்கு ஒரு கடிதம் தாருங்கள் என்று கேட்டேன். தந்தால் தம் கணக்கு வெளியே வந்துவிடும் என்று மறுத்துவிட்டார். மூன்று குளிர்காலம் உழைத்த உழைப்பு பூச்சியமாகி, மற்றவர்களைப்போல 9,000 மணித்தியாலங்களையும் முதலிலிருந்து தொடங்கினேன். 2001-இல்தான் 309ஏ எனப்படும் எலெக்ட்ரீசியன் சான்றிதழ் கைக்கு வந்தது. புதிதாக வரும் பிள்ளைகளின் அவசரத்தை மூலதனமாக்கும் மனிதர்கள் நம்மவர்களிடையே இன்றும் இருக்கிறார்கள். உதவி செய்கிறோம் என்று அவர்கள் உண்மையாகவே நம்புவதால்தான் அவர்களை மறுப்பது கடினம். ஆனாலும் மறுத்துவிடுங்கள்.

அப்படிச் செய்த வேலை என்னவாகிறது என்பதையும் சொல்கிறேன். ஸ்காபரோவுக்கு வடக்கே மார்க்கம் நகரில் ஒரு தமிழ்க் குடும்பம் பேஸ்மென்டில் எரிந்த வாடை வருகிறது என்று என்னை அழைத்தது. சுவரின் ஜிப்சம் பலகையை அறுத்துப் பார்த்தேன். அடுப்புக்குப் போகும் கேபிளை நடுவில் வெட்டி, பெட்டி இல்லாமல், வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் உருகி மரச்சட்டத்தில் ஒட்டி, மரம் உள்ளங்கை அளவுக்குக் கருகியிருந்தது. பலகைக்கு அப்பால் குழந்தையின் கட்டில். அந்த வேலையைப் பற்றி அதிகாரசபைக்கு அறிவித்தலும் இல்லை, பரிசோதகர் வந்ததும் இல்லை. செய்தவரின் தொலைபேசி எண் அப்போது வேலை செய்யவில்லை.

முறையான பாதை நீளமானது, ஆனால் தெளிவானது. ஒன்ராறியோவில் 2007-க்கு முன் மாநகராட்சிகள் தனித்தனியாக உரிமம் கொடுத்தன. அந்த ஆண்டிலிருந்து மாகாணம் முழுவதற்கும் மின் பாதுகாப்பு அதிகாரசபையின் ஒரே உரிமம்தான். கம்பனி தொடங்க, மேல்நிலை உரிமம் பெற்ற ஒரு மாஸ்டர் எலெக்ட்ரீசியன் பொறுப்பில் இருக்கவேண்டும். 20 இலட்சம் டொலருக்குப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி வேண்டும். சான்றிதழ் பெற்று மூன்று ஆண்டு வேலை செய்தபின் மாஸ்டர் பரீட்சை எழுதலாம். தேற 70 சதவீதம் வேண்டும். ஒவ்வொரு வேலையையும், தொடங்கி 48 மணித்தியாலங்களுக்குள் அதிகாரசபைக்கு அறிவிக்கவேண்டும். நகரசபையின் கட்டட பெர்மிட் வேறு, இது வேறு என்பதை நம்மவர்களில் பலர் இன்னும் அறியவில்லை. உரிம எண்ணை வாகனத்திலும் ஒப்பந்தத்திலும் விளம்பரத்திலும் போடவேண்டும். எண் இல்லாத தமிழ் விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

உழைப்பைப் பற்றிக் கேட்டீர்கள், தொகை சொல்லமாட்டேன். வேலைக்குப் பஞ்சமில்லை. ஸ்காபரோவில் 1960களின் நடுப்பகுதியிலிருந்து 70களின் இறுதிவரை கட்டிய வீடுகள் பலவற்றில் அலுமினிய வயர் இருக்கிறது. அதைப் பற்றிக் காப்புறுதிக் கம்பனிகள் கேட்கின்றன. பழைய 60, 100 அம்பியர் பனல்களை மாற்றவேண்டியிருக்கிறது; மின்சாரக் காருக்குச் சார்ஜர் கேட்கிறார்கள். வீட்டை விற்கும்போது பரிசோதனைச் சான்றிதழைக் கேட்கும் வழக்கறிஞர் காசு வேலைக்காரரைத் தேடமாட்டார், உங்களைத் தேடுவார். அதுவரை மலிவான விலை சொல்பவர்களிடம் சில வேலைகளை இழப்பீர்கள். நானும் இழந்தேன், இன்றும் இழக்கிறேன்.

இப்போது செய்யவேண்டியது ஒன்று. உங்கள் வவுனியா அனுபவத்தை மதிப்பிட்டுப் பரீட்சைக்கு அனுமதிக்கும்படி, தொழில் சான்றிதழ் வழங்கும் மாகாண அமைப்பான ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முதலாளியின் கடிதம் வேண்டும்: எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, எத்தனை மணித்தியாலம், என்னென்ன வேலை, விலாசம், தொலைபேசி, கையெழுத்து. என்னிடமும் யாழ்ப்பாணத்தில் ஐந்து ஆண்டு அனுபவம் இருந்தது. 1995 ஐப்பசியில் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோது எனக்குத் தொழில் பழக்கிய முதலாளி கடையை அப்படியே விட்டுவிட்டு வன்னிக்குப் போனார். 1996-இல் நான் கடிதம் கேட்டு எழுதியபோது அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று சொல்லக்கூட எவரும் இல்லை. உங்கள் முதலாளியின் கடை இன்னும் திறந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றிரவே அவரை அழையுங்கள். அங்கே அப்போது காலையாக இருக்கும்.