ராக் ஐலண்ட் உப்புமா டீம் இல்ல – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

1926ல ரெட் கிரேஞ்ச்ங்கற ஆட்டக்காரரை வச்சு ஆரம்பிச்ச அமெரிக்கன் ஃபுட்பால் லீக் பத்தி நீங்க போட்ட குறிப்பு படிச்சேன். நாட்டுலயே பெரிய ஸ்டார் கையில இருந்தும் அந்த லீக் ஏன் ஒரே சீசன்ல மூடுச்சு? ராக் ஐலண்ட் மாதிரி உப்புமா டீமையெல்லாம் சேத்துக்கிட்டதாலயா? ரெண்டே மேட்ச் ஜெயிச்ச டீமுக்கு ஏன் அவ்வளவு வரி ஒதுக்கினீங்கன்னு புரியல. அந்த டீம்ல ஆடின கறுப்பர் டியூக் ஸ்லேட்டர் பத்தி எழுதறப்ப நிறப் பிரச்சனைய இழுத்தீங்க, விளையாட்டுல அதெல்லாம் தேவையா? அப்புறம் இந்த ஆட்டத்தோட ரூல்ஸை விளக்கி ஒரு தொடர் எழுதினா நல்லாருக்கும்.

– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

அன்புள்ள தம்பி,

ரூல்ஸ் தொடர் இப்போதைக்கு இல்ல. யூடியூப்ல நிறைய கெடக்கு, பாத்துக்கோங்க.

லீக் ஏன் மூடுச்சுங்கறதுக்கு சுருக்கமா சொல்லிடறேன். 1925 டிசம்பர் 6, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ்ல கிரேஞ்ச் ஆடறதைப் பாக்க சுமார் 70 ஆயிரம் பேர் வந்தாங்க. அதைப் பாத்துட்டு அவரோட மேனேஜர் சி.சி. பைல், கிரேஞ்ச் ஆடின சிகாகோ பேர்ஸ் டீம்ல பங்கு கேட்டார், ஓனர் ஹாலஸ் முடியாதுன்னுட்டார். யாங்கி ஸ்டேடியத்துல தனி டீம் வேணும்னார், நியூயார்க்ல ஏற்கனவே இருந்த ஜெயன்ட்ஸ் டீம் ஓனர் டிம் மாரா விடல. சரி, நானே லீக் நடத்தறேன்னு கெளம்பிட்டார். பைல் லீக்ல 9 டீம், அதே வருஷம் ஏற்கனவே இருந்த பெரிய லீக்கான என்எஃப்எல்ல 22 டீம், இத்தனை டீமுக்கு டிக்கெட் வாங்க ஆளு எங்க இருக்கு? அதோட கிரேஞ்ச் ஒரு நாளைக்கு ஒரு ஊர்லதான் ஆட முடியும், மத்த ஊர்ல அன்னிக்கு யாரைப் பாக்க வருவாங்க? சீசன் முடியறப்ப 4 டீம்தான் நின்னுச்சு. 8 ஜெயிச்சு 2 தோத்து சாம்பியன் ஆன பிலடெல்பியா குவேக்கர்ஸ், டிசம்பர் பனியில என்எஃப்எல் டீமான ஜெயன்ட்ஸோட ஆடி 31-0ன்னு தோத்தாங்க. அதோட கதை முடிஞ்சுது.

ஆனா தம்பி, ‘உப்புமா டீம்’னு எழுதியிருக்கீங்களே, அதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு மனசே ஆறல. கொஞ்ச நாளாவே இந்த டீம் பத்தித்தான் யோசிச்சுட்டு இருந்தேன், நீங்க சரியா அங்கயே கைய வச்சுட்டீங்க.

ராக் ஐலண்ட்ங்கறது மிசிசிப்பி ஆத்தங்கரையில, இல்லினாய் மாநிலத்துல இருக்கற ஊர். அப்போ சுமார் 35 ஆயிரம் ஜனம். 1920 செப்டம்பர்ல ஒஹையோ மாநிலம் கேன்டன்ல ஒரு கார் ஷோரூம்ல உக்காந்து, நாற்காலி பத்தாம கார் படியில எல்லாம் உக்காந்து, பின்னால என்எஃப்எல்னு பேர் மாறின லீக்கை ஆரம்பிச்சாங்க இல்லையா, அந்தக் கூட்டத்துல ராக் ஐலண்ட் ஆளும் இருந்தார். அந்த லீக் டீம் ஒண்ணு ஆடின முதல் மேட்ச்சே இந்த ஊர் டக்ளஸ் பார்க்லதான் நடந்துச்சு, அதே செப்டம்பர் 26. ஜிம் தோர்ப், ஒலிம்பிக்ல தங்கம் வாங்கின மனுஷன், 1924ல இந்த டீமுக்குத்தான் ஆடினார். இதையா உப்புமாங்கறீங்க?

1926ல என்எஃப்எல்லை விட்டு பைலோட லீக்குக்குத் தாவின ஒரே டீம் இதுதான். கிரேஞ்ச் வந்தா கூட்டம் வரும்னு கணக்கு. கணக்கு தப்பிப் போச்சு. சீசன் நடுவுலயே சொந்த ஊர்ல மேட்ச் நடத்தறதை விட்டுட்டு வெளியூர் வெளியூரா சுத்த ஆரம்பிச்சுட்டாங்க. 2 வெற்றி, 6 தோல்வி, ஒரு டிரா. நீங்க பாத்தது இந்த ஒரு வரியத்தான். ரயில்ல போறது, ஆடறது, அடி வாங்கறது, திரும்பவும் ரயிலு, வீட்டுக்கு வந்தா சொந்த கிரவுண்டு காலியா கெடக்கு, அப்படி ஒரு சீசனை நினைச்சுப் பாருங்க. அந்த வருஷத்தோட டீமே இல்லாமப் போச்சு.

இங்க நான் இன்னொரு என்எஃப்எல் டீம் இருந்த ஊரான கிரீன் பேயைச் சொல்லியே ஆகணும். கிட்டத்தட்ட இதே அளவு ஊர், 1920ல 31 ஆயிரம் ஜனம். 1923லயே ஊர்க்காரங்க 5 டாலருக்கு ஒரு பங்குன்னு வாங்கி டீமைத் தங்களோடதா ஆக்கிக்கிட்டாங்க. பைல் பக்கம் போகல. 1929, 30, 31ன்னு மூணு வருஷம் தொடர்ந்து சாம்பியன், இன்னிக்கும் ஆடிட்டு இருக்காங்க. ராக் ஐலண்ட்காரங்க அந்த ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுட்டு இருந்த இடத்துலயே இருந்திருந்தா? 1927ல என்எஃப்எல்லே 12 டீமாச் சுருங்கிடுச்சு, அதுல இவங்களையும் கழட்டி விட்டிருப்பாங்கன்னு சொல்றவங்க உண்டு. இருக்கலாம். எனக்கு மனசு ஒத்துக்கல. டீம் ஊரோட கையில இருந்திருந்தா, ஊரான் வீட்டு ஸ்டாரை நம்பித் தாவியிருக்க மாட்டாங்கங்கறதுதான் என் கட்சி, இதை எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுவேன்.

இப்போ ஸ்லேட்டர். ‘விளையாட்டுல அதெல்லாம் தேவையா’ன்னு கேக்கறீங்க. அதை விளையாட்டுக்குள்ள கொண்டு வந்தது நானா தம்பி? 1924ல கன்சாஸ் சிட்டிக்கு ஆடப் போனப்ப, கறுப்பர்ங்கற ஒரே காரணத்துக்காக அவரை வெளிய உக்கார வச்சாங்க. அவர் இல்லாம ராக் ஐலண்ட் அந்த மேட்ச்சைத் தோத்துச்சு. அடிபட்டு அவர் ஒதுங்கினதே கிடையாது, ஆடாமப் போனது அது ஒண்ணுதான். இதை விட்டுட்டு நான் அவரைப் பத்தி என்ன எழுதணும்ங்கறீங்க, எடை எவ்வளவு, உயரம் எவ்வளவுன்னா? இந்த மாதிரி யோசிக்கறதை விடுங்க தம்பி, கோவமாவே சொல்றேன்.

அவர் ஆடினது டேக்கிள்ங்கற இடத்துல. பந்தைத் தூக்கிட்டு ஓடறவன் பேர்தான் பேப்பர்ல வரும், அவனுக்கு முன்னால நின்னு வழி உண்டாக்கித் தர்றவன் பேரு யாருக்கும் தெரியாது. சின்ன வயசுல ஐயோவா மாநிலம் கிளின்டன்ல, அதுவும் அதே ஆத்தங்கரை ஊர்தான், ஸ்கூல்ல ஆடப் போனப்ப ஹெல்மெட், ஷூ ரெண்டுல ஒண்ணுதான் வாங்கித் தர முடியும்னு பாதிரியாரா இருந்த அப்பா சொல்ல, இவர் ஷூ போதும்னாராம். 1921ல ஐயோவா காலேஜ் டீம் நோட்டர் டேமை 10-7ன்னு ஜெயிச்சப்ப எடுத்த போட்டோவுல பாருங்க, வெறும் தலையோட நிக்கறார். ராக் ஐலண்ட் சிதைஞ்ச அதே சீசன் கடைசியில என்எஃப்எல் டீமான சிகாகோ கார்டினல்ஸுக்குப் போனார். 1927ல மொத்த என்எஃப்எல்லயும் ஆடின கறுப்பர் இவர் ஒருத்தர்தான். ஆடிக்கிட்டே சட்டம் படிச்சு 1928ல பட்டம் வாங்கினார், பின்னால சிகாகோவுல ஜட்ஜ் ஆனார். 1966ல இறந்தார். இந்த ஆட்டத்தோட பெரிய ஆளுங்களைக் கௌரவிக்கற ஹால் ஆஃப் ஃபேம்ல அவரைச் சேத்தது 2020ல. கிரேஞ்ச்சை 1963லயே, ஆரம்பிச்ச வருஷமே, சேத்துட்டாங்க. ரெண்டு பேரும் அந்த 1926 சீசன்ல ஒரே லீக்லதான் ஆடினாங்க.

சில வருஷம் முன்னாடி பொண்ணு வீட்டுக்கு மோலின் போயிருந்தேன், ராக் ஐலண்டுக்குப் பக்கத்து ஊர், மாப்ளைக்கு அங்க டிராக்டர் கம்பெனியில வேலை. ஒருநாள் பேரனைக் கூட்டிட்டு டக்ளஸ் பார்க் போனேன். அக்டோபர் கடைசி, காத்து காதைக் கிழிக்குது, பேரன் ஓடறான், நான் புல்லையே பாத்துட்டு நிக்கறேன். பெஞ்சுல ஒரு பெரியவர், தொப்பியைக் காது வரைக்கும் இழுத்து விட்டுட்டு உக்காந்திருந்தார். என்ன பாக்கறீங்கன்னார். இங்கதான முதல் மேட்ச் நடந்துச்சுன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பாத்தார். யாரோடன்னு தெரியுமான்னார். செயின்ட் பால், 48-0ன்னேன்.

அந்த மனுஷன் எந்திரிச்சு நின்னு, கையுறையைக் கழட்டிட்டு கை குடுத்தார்.

அன்புடன்,
அண்ணன்